தர்பூசணியை உறைய வைத்தல்

தர்பூசணியில் ஜெல்லி செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, வேண்டாம். கொய்யா இருக்கிறது, விளாம்பழம் இருக்கிறது, புளிப்பும் பசையுமாகத் தானே கெட்டிப்படுகிற பழங்கள் எத்தனையோ இருக்கின்றன. தர்பூசணி வெறும் தண்ணீர். காய்ச்சினால் சிவப்புத் தண்ணீர் பழுப்புத் தண்ணீராக மாறும், அவ்வளவுதான். ரொட்டியில் தடவுகிற பதத்துக்கு அதை நிறுத்த வேண்டுமானால் வெளியிலிருந்து எதையாவது சேர்த்தாக வேண்டும். அது எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

நான் இருபத்தாறு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தவள். அமிலம் எது, காரம் எது என்று பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் லேபிளைப் படி என்று கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது. ஓய்வுபெற்ற பிறகு அந்த ஆர்வமெல்லாம் சமையலறைக்கு மாறியது. ஊறுகாய்க்குத் தெர்மாமீட்டர் வைக்கிறவள் என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், என் ஊறுகாயில் பூஞ்சை பிடித்ததில்லை.

தர்பூசணி ஏன் என்றால், அது வந்துகொண்டே இருந்தது. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. கட்டிக்கொடுத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கல்லூரியில் பழகி, இரண்டு வீட்டையும் நான்கு வருஷம் பேஜார் பண்ணி, கடைசியில் அவர்களாகவே கட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பல தலைமுறையாகச் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள். நாங்கள் முகையூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். அந்த மாதிரி நிலங்களில் என் அப்பா கூலிக்கு அறுத்தவர். இப்போது விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். காலனி என்ற சொல் மட்டும் எங்கே வீடு மாற்றினாலும் சாமானோடு சாமானாக வந்துவிடுகிறது.

கல்யாணம் ஆன முதல் இரண்டு வருஷத்தில் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு ஏழு தடவை வந்திருந்தார். ஏழு தடவையும் விரதம். முதல்முறை செவ்வாய்க்கிழமை, முருகனுக்கு. அடுத்தது வெள்ளி, அம்மனுக்கு. ஒரு திங்கள்கிழமை திருவாமாத்தூர் கோயிலுக்குப் போகிற வழி என்று வந்தார், அன்றைக்குச் சிவனுக்கு. சனிக்கிழமை பெருமாளுக்கு. ஒருமுறை வியாழக்கிழமை வந்தார். இன்றைக்கு எந்தச் சாமி என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். கிருத்திகை என்றார். அவர் போன பிறகு காலண்டரை எடுத்துப் பார்த்தேன், கிருத்திகைதான். அந்த மனுஷி பொய் சொல்வதில்லை. நாள் பார்த்துத்தான் வருகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வருவார், கூடத்தில் நாற்காலியில் உட்காருவார், கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடிப்பார். மூடி திறக்காத சோடா கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. விரதம் இல்லாத நாளில் அவர் வீட்டில் கறியும் மீனும் மணக்க மணக்க நடக்கிறது என்று மகள் சொல்லியிருக்கிறாள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகளை நன்றாக வைத்திருந்தார். அவள் சமைத்ததைச் சாப்பிட்டார். தாலி ஏறியதும் அவள் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டாள் போலிருக்கிறது. பெற்றவள் ஆகவில்லை.

ஆனால் கொடுப்பதில் அந்த அம்மா குறை வைத்ததே இல்லை. மாப்பிள்ளை விழுப்புரம் மார்க்கெட்டுக்கு வேனில் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாக்கு தர்பூசணி இறங்கும். சாக்கின் மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, இருக்கும், இல்லையென்றால் புதுக் கேப்பை மாவு. தூக்கைத் திருப்பி அனுப்பும்போது வெறும் பாத்திரமாக அனுப்பக் கூடாது. எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும். என் அக்காவும் நானும் மட்டும் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை. அவள் வீட்டுப் பாத்திரம் என் வீட்டில் கிடக்கும், வேண்டும்போது வெறுமனே தூக்கிக்கொண்டு போவாள். ஒரே வீட்டுக்குள் யார் யாருக்குச் சர்க்கரை போடுவது?

சம்பந்தியம்மாவின் தூக்கில் முதலில் சர்க்கரை போட்டு அனுப்பினேன். பிறகு அதிரசம், கிறிஸ்துமஸுக்குக் கேக், ஒருமுறை முறுக்கு. அடுத்த தடவை அந்தத் தூக்கு முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வரும். நன்றாக இருந்ததாம் என்று மகள் போனில் சொல்லுவாள். நான் நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஜெல்லி யோசனை வந்தது அந்த மார்ச் மாதத்தில். நாலு பழம் ஃப்ரிட்ஜில், ஆறு பழம் கட்டிலுக்கு அடியில், இரண்டு பேர் சாப்பிட்டு மாளாது. அப்போதுதான் தோன்றியது. பழம் அவர்களுடையது, அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது. என் அடுப்பில் ஒரு தடவை கொதித்துவிட்டு அவர்களிடமே போகப்போகிறது. அதையாவது சாப்பிட மாட்டாரா? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கோடையில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அந்த அம்மா என் கையால் செய்ததை ஒரு வாய் சாப்பிட வேண்டும். இரண்டு வாய் கூட வேண்டாம்.

கடைத்தெருவில் பேக்கரி சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போய், பழச்சாற்றை உறைய வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெரிய டப்பாவிலிருந்து அள்ளி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கவரின் மேல் பேனாவால் ஜெல்லி பவுடர் என்று எழுதியிருந்தது. லேப் அசிஸ்டென்ட் அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை யாராவது இப்படிப் பேர் தெரியாத பொடியோடு என் முன்னால் நின்றிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

சாற்றை வடிகட்டிப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, ஊறவைத்த பொடியைக் கலந்து ஆறவிட்டேன். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரத்தில் அழகாக உறைந்தது. ஸ்பூனால் எடுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது, ரொட்டியில் தடவினால் தடவிய இடத்தில் நின்றது. நிறமும் கெடவில்லை. ரெண்டு நாள் தங்க வந்திருந்த மகள் அதைத் தூக்கில் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கிளம்பினாள். திண்டிவனம் போய்ச் சேரும்போது வெயிலில் இளகிவிட்டதாம், அங்கே ஃப்ரிட்ஜில் வைத்ததும் மறுபடி இறுகிக்கொண்டதாம். அன்று சாயங்காலம் போன் பண்ணினாள்.

"ம்மா, அத்தை ரெண்டு ஸ்பூன் சாப்ட்டாங்கம்மா. சூப்பரா இருக்குதுன்னாங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விரத நாளில் கூடச் சாப்பிட்டிருக்கிறார் என்றால் சும்மாவா! அந்த வாரம் முழுவதும் நான் சமையலறையில் மாதா கோயில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகக் கணவர் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. சந்தோஷமாக இருந்தது நினைவிருக்கிறது.

அடுத்த சாக்கு வந்ததும் மறுபடி அதே கடைக்குப் போனேன். உதிரிப் பொடி தீர்ந்துவிட்டது, அதே பொடி பாக்கெட்டில்தான் இருக்கிறது என்றார்கள். வாங்கிவந்து மேடைமேல் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எத்தனை கிராம் போட வேண்டும் என்று தேடினேன். எடையைத் தேடின கண்ணுக்கு முதலில் பட்டது மூலையில் இருந்த அசைவக் குறி. அதன் கீழே பொடி எழுத்தில், மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்பட்ட ஜெலட்டின் என்று அச்சடித்திருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு மாட்டுக்கறியில் ஒன்றும் வெறுப்பில்லை. நாங்கள் சாப்பிடுகிறவர்கள்தான், அதை மறைத்ததும் இல்லை. ஆனால் அந்த அம்மா வீட்டில் தொழுவத்தில் நான்கு மாடு நிற்கிறது, பொங்கலுக்கு அவற்றின் கொம்புக்கு வர்ணம் அடித்து விழுந்து கும்பிடுகிறார்கள். விரதம் இருந்த வெள்ளிக்கிழமையில், என் வீட்டிலிருந்து முதன்முதலாகச் சாப்பிட்ட ஒரு பண்டத்தில், நான் மாட்டு எலும்பைக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். எங்களைப் பற்றி அந்த ஊரில் யார் யார் என்ன சொல்ல நினைத்தார்களோ, அதற்கெல்லாம் நானே தூக்கில் அடைத்துச் சாட்சி அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் சொல்லுவார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கணவரிடம் பாக்கெட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உடு. தின்னது தின்னாச்சி. அந்தம்மாவுக்கு எப்பிடித் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே."

"நீ சொல்லிட்டு உம் பாட்டுக்கு இங்க ஒக்காந்துக்குவ. நம்ம பொண்ணு அங்க எப்பிடி இருக்கும்? அத யோசிச்சியா?"

யோசித்தேன். நான்கு நாள் யோசித்தேன். கை சும்மா இருக்காமல் அந்த நான்கு நாளும் சைனா கிராஸ் வைத்து முயற்சி செய்தேன். முஸ்லிம்களின் நோன்பு நாளில் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்குமே, வெள்ளை நூல் மாதிரி, அதுதான். கடல்பாசி. அதில் எந்த மிருகமும் இல்லை, லேபிளை மூன்று தடவை படித்தேன். வெயிலுக்கு இளகாது என்பது அதன் நல்ல குணம். கெட்ட குணம், அது தடவ வராது. கத்தியால் வெட்டலாம், துண்டு போடலாம், ரொட்டிமேல் வைத்து அழுத்தினால் பொலபொலவென்று உடைந்துபோகும். அளவைக் குறைத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு பாத்திரத்தின் அடியில் தேங்கியது. மிக்சியில் அடித்துப் பார்த்தேன், மணல் மணலாக வந்தது.

பெக்டின் என்று ஒரு பொடி இருக்கிறது, பழத்தோலிலிருந்து எடுப்பது, ஆன்லைனில் வரவழைக்கலாம். உண்மையில் ரொட்டிக்குத் தடவுகிற ஜெல்லிக்கு அதுதான் சரியான சரக்கு. வாங்க விரல் போய்விட்டுத் திரும்பியது. இனிமேல் நான் எந்தப் பொடியைக் கொட்டினாலும், அது பழத்திலிருந்து வந்தது என்று யாரிடம் நிரூபிப்பது? பொடிக்கு முகம் கிடையாது. இது எலும்பு, இது தோல், இது பாசி என்று பார்த்தால் தெரியாது. மகளிடம் போனில் பேசும்போது, கொய்யாக்காய் இருந்தால் பொடியே வேண்டாம், அதன் விதையும் தோலும் போதும், தானே உறைய வைக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பாக்கெட் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மாமியாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, கணவர் வெளியே போன நேரம் பார்த்து, சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். அவருடைய நிலத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சம்பந்தி, ஒரு விஷயம் சொல்லணும். கோச்சிக்காதீங்க."

"சொல்லுங்க."

"போன மாசம் தூக்குல ஜெல்லி குடுத்தனுப்புனேன் இல்லீங்களா. அது கெட்டியாவறதுக்கு ஒரு பொடி போட்டேன். அது மாட்டு எலும்புல செய்யறதாம். சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. இப்பதான் பாக்கெட்டுல படிச்சேன். நீங்க விரதம் இருக்கிறவங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா... தப்பு என்னுதுதான்."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"நான் சாப்புடலீங்க சம்பந்தி," என்றார்.

"சாப்ட்டீங்கன்னு பொண்ணு சொன்னாளே."

"அது சின்னப் புள்ள. உங்க மனசு நோவக் கூடாதுன்னு சொல்லியிருக்கும். நான் வாழைக்கு ஊத்திட்டேன்."

வாழைக்கு. அவர்கள் வீட்டுப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் நாலு வாழை நிற்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப அதிரசம்?"

"மாட்டுக்கு வெச்சிட்டேங்க."

"கேக்கு?"

"அதுவுந்தான்."

"சக்கரை அனுப்புனேனே?"

"சக்கரைய எடுத்துக்கினேங்க. அது கடையில வாங்குனதுதானே."

வைத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எலும்பு அவர் வயிற்றுக்குள் போகவில்லை என்ற நிம்மதி முதலில் வந்தது. என் பண்டம் எதுவுமே போகவில்லை என்ற கோபம் அதற்குப் பின்னாலேயே வந்தது. நிம்மதி அரை மணி நேரம் இருந்தது, கோபம் வாரக்கணக்கில் இருந்தது. மகளைக் கூப்பிட்டுத் திட்டினேன். "நான் என்னாம்மா பண்றது, ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிறேன்," என்று அழுதாள். 

பிறகு ஆறின மனதோடு யோசித்தபோது ஒன்று தெரிந்தது. அந்த அம்மா சும்மா இருந்திருக்கலாம். ஐயையோ, இப்படிப் பண்ணிட்டீங்களே சம்பந்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் சாகும்வரைக்கும் அவர் முன்னால் தலைகுனிந்து நின்றிருப்பேன். அப்படி என்னை நிறுத்தி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதற்காகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். எனக்கு இது புரிந்தது என்பதால் கோபம் போய்விடவில்லை. மாட்டுக்கு வைத்த அதிரசத்துக்கு நான் வெல்லப்பாகு கிண்டியதை நினைத்தால் இப்போதும் கை வலிக்கிறது.

மூன்று வாரம் சாக்கும் வரவில்லை, தூக்கும் வரவில்லை. நான்காம் வாரம் ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தியம்மா தனியாக வந்திருந்தார். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் மஞ்சள் பை, ஆட்டோக்காரர் இறக்கி வைத்த ஒரு தர்பூசணி. செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"இன்னிக்கு விரதம் ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி."

"வாங்க. சாப்புடறீங்களா?"

"சாப்ட்டுட்டுத்தான் வர்றேன்."

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். உள்ளே அரைப்பழமாகக் கொய்யா, இரண்டு கிலோவுக்குக் குறையாது. கிணற்றடி மரத்துக் காய் என்றார்.

"பொடி போடாம கொய்யாவுலயே ஆவும்னு பொண்ணு சொன்னுச்சி. ஆவுங்களா?"

"ஆவும்."

"அப்ப செய்ங்க, பாக்கறேன்."

அப்படித்தான் அவர் என் சமையலறைக்குள் வந்தார். நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். கொய்யாவை அவர்தான் அரிந்தார், விதையை எடுக்க வேண்டாம் என்றேன், தோலோடு விதையோடு மளமளவென்று அரிந்து தள்ளினார். அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டேன். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். சொட்டுச் சொட்டாக இறங்கட்டும் என்று இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை இல்லை என்றார், இங்கேயும் இல்லை என்றேன்.

வடிந்த சாற்றில் உறைய வைக்கும் சத்து போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு ஸ்பூன் சாற்றில் இரண்டு ஸ்பூன் ஸ்பிரிட் ஊற்றினால், சத்து இருந்தால் கட்டியாகத் திரளும். காயத்துக்குத் துடைக்கிற ஸ்பிரிட் வீட்டில் இருந்தது. தனிக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

"அது என்னா ஊத்தறீங்க?" குரலே மாறியிருந்தது.

"சோதிச்சிப் பாக்கறதுக்குங்க. இத அப்பிடியே கொட்டிடுவேன், ஜெல்லியில சேராது." பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். "படிச்சிப் பாருங்க."

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார், யார் தயாரித்தது என்பது வரைக்கும். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத்தான் இருபத்தாறு வருஷம் கத்தினேன். கிண்ணத்தில் சாறு வெள்ளையாக ஒரே கட்டியாகத் திரண்டிருந்தது. காட்டினேன். தயிர் மாதிரி இருக்கிறதே என்றார். போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது என்று சொல்லி, அதைத் தொட்டியில் கொட்டினேன்.

சுண்டக் காய்ச்சின தர்பூசணிச் சாறு, கொய்யாச் சாறு, எலுமிச்சை, சர்க்கரை. பெரிய தீயில் வைத்தேன். பொங்கி, அடங்கி, குமிழ் சிறிதாகி வந்தது. நான் தெர்மாமீட்டரை எடுக்கத் திரும்புவதற்குள் அவர் கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டைக் கட்டை விரலில் வாங்கி, ஆள்காட்டி விரலால் ஒற்றி ஒற்றிப் பிரித்தார். இரண்டு விரலுக்கும் நடுவே கம்பி இழுத்தது.

"பதம் வந்திடுச்சி. எறக்குங்க ஜல்தி."

தெர்மாமீட்டரும் சரியாக அதையே சொன்னது. இறக்கினேன். அவர் விரல் இரண்டிலும் அந்தச் சிவப்புப் பாகு ஒட்டியிருந்தது. அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணும் அதை வாயில் வைத்துக்கொள்வாள், யோசிக்கக்கூட மாட்டாள். அவர் ஒரு நொடி விரலைப் பார்த்தார். குழாயைத் திறந்து கழுவிக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஒரு தட்டில் ஒரு ஸ்பூன் விட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

"சூடா இருக்குது. ஆறட்டும்," என்றார்.

அஞ்சு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தட்டில் இருந்தது ஆறுவதற்குக் காத்திருக்கவில்லை. தூக்கில் நிரப்பி, ஆவி போகச் சற்று நேரம் திறந்து வைத்து, மூடியை அழுத்திக் கொடுத்தேன். இதுவும் வாழைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேதான் அழுத்தினேன். அவர் போனதும் தட்டை எடுத்துப் பார்த்தேன். விரலால் தள்ளினால் சுருங்கி மடிந்தது, ரொட்டியில் தடவினால் தடவிய மாதிரி நின்றது. கொய்யா வாசனை முன்னால் வந்தது, தர்பூசணி பின்னால் லேசாக. ஃப்ரிட்ஜ் இல்லாமல், பொடி இல்லாமல், மே மாத வெயிலில் நின்றது. சோதனை வெற்றி. நான் மட்டும் சாப்பிட்டேன்.

எட்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் வேன் வந்தது. சாக்கை இறக்கிவிட்டு, தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, நாளைக்கும் லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். மல்லாட்டை இருக்கும் என்று மூடியைத் திறந்தேன். மல்லாட்டை இல்லை. தூக்கு கழுவாமல் வந்திருந்தது. அடியில் சிவப்பும் பழுப்புமாகப் பிசுபிசுப்பு, சுரண்டி எடுத்த கோடுகள், ஓரத்தில் நாலு எறும்பு. உள்ளே ஒரு ஸ்பூன் கிடந்தது. அதுவும் கழுவாத ஸ்பூன்.

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. இரண்டு வருஷமாக முகம் பார்க்கிற மாதிரித் தேய்த்து அனுப்பின அம்மா, இப்போது எச்சில் பாத்திரத்தை என் வீட்டுக்கு அனுப்புகிறார். எங்கள் அம்மா அவர்கள் மாதிரி வீடுகளில் எச்சில் பாத்திரம் கழுவியவள், வாசல் படி ஏறாமல், பின்பக்கத்தில் உட்கார்ந்து. அதெல்லாம் முடிந்துபோன கதை என்று இருந்தேன். உடனே போனை எடுத்தேன். குரலை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"சம்பந்தி, தூக்கு கழுவாம வந்திருக்குதே?"

"ஆமாங்க. தெரிஞ்சிதான் கழுவாம குடுத்தனுப்புனேன்," என்றார். "கழுவி அனுப்பியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடவில்லை போலிருக்கிறது, ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. தோசைக்கும் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கிறது என்றார். எலுமிச்சை ஒரு பழம் குறைக்கலாம், பல் கூசுகிறது என்றும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று கணவர் கேட்டதற்குப் புளிப்பு ஜாஸ்தியாம் என்றேன். பிறகு எறும்பைத் தட்டிவிட்டு, தூக்கையும் ஸ்பூனையும் நானே கழுவினேன். துடைத்து வைத்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தபோது தூக்கை எடுத்துக் கொடுத்தேன். கனமில்லாமல் இருந்ததால் மூடியைத் திறந்து பார்த்தார். ஸ்பூன் மட்டும் இருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லீங்களே அத்தை?"

"ஒண்ணும் இல்ல மாப்ள," என்றேன். "அப்பிடியே எடுத்துக்கினு போங்க."